வாடகைக்கு எடுக்காத கார்

தம்பி,

இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்துக்கு வரும் எந்தக் கடிதமும் முதலில் தோட்ட ஆபீசில் இறங்கி, மேசை மாறி, கை மாறி, ஒட்டிய இடம் பிரிந்துதான் வாசலுக்கு வரும் என்பது உனக்குத் தெரியும். உனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி நமக்கு முன்னால் ஆபீஸ் கிளாக்கருக்குத் தெரிந்திருந்தது. அவர்தான் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். ஆகவே ஊரார் படிக்காத கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்தான். ஆனால் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவளுக்கு ஒரு கட்டைவிரல் போதாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கல்யாண ஏற்பாடுகளை வரிசையாகச் சொன்னாய். கொழும்பில் மண்டபம், சாப்பாடு, மாலை, படம் பிடிக்கிறவர்கள், எல்லாம் குறை சொல்ல முடியாதபடி செய்திருக்கிறாய். கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி, "அம்மா, உங்களையெல்லாம் ஏத்திட்டு வர வேன் ஒன்னு அனுப்புறேன். அந்தக் காரை மட்டும் கொண்டு வராதீங்க" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்குகிற பாலின் முன்னால் நிற்கும் மனுஷி எதற்கும் சரி என்றுதான் சொல்வாள். அந்தச் 'சரி'யை இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்குகிறேன். வேன் வரட்டும், ஏறுகிறவர்கள் ஏறட்டும். உன் கல்யாணத்துக்கு நான் அந்தக் காரில்தான் வருவேன். நானே ஓட்டிக்கொண்டு வருவேன்.

அந்தக் காருக்கு என்ன குறை என்று படிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா. இயந்திரத்தில் குறையில்லை. கினிகத்தேனை ஏற்றத்தில் அது உன்னைவிடக் குறைவாகத்தான் முனகும். குறை அதன் வலப்பக்கத்தில் இருக்கிறது. கதவுக் கண்ணாடி இறங்குகிற இடத்தில், வெளிப்புறமாக நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை ஓடும். கடைக்காரர்கள் அதைப் பீடிங் என்பார்கள். மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்காமல் தடுப்பது அதன் வேலை. நம் காரில் அது வெயிலில் காய்ந்து, கறுப்பு போய், சாம்பல் பூத்து, வெடித்து, சுருங்கி, இரண்டு நுனியிலும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. வலப்பக்கம் மட்டும். இடப்பக்கப் பட்டை இன்றைக்கும் வாங்கிய அன்று போலக் கறுப்பாக இருக்கிறது. இடப்பக்கம் நின்று பார்த்தால் அது ஆசிரியை ஒருத்தியின் கார். வலப்பக்கம் வந்தால்தான் லயத்துக் கார்.

நுவரெலியாப் பக்கம் வெயிலா என்று உன் கொழும்பு நண்பர்கள் கேட்பார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படம் எடுத்துவிட்டு இரண்டாம் நாள் இறங்கிப் போகிறவர்களுக்கு அது தெரியாது. மலையில் குளிர்கிற வெயில் ஒன்று இருக்கிறது. உடம்புக்குச் சூடு தெரியாது, தோல் மட்டும் உரியும். கொழுந்து பறிக்கிற பெண்களின் கன்னத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். காரோ, லயத்துக்குக் கீழே, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தின் ஓரத்தில், ஏற்றத்தைப் பார்த்து மூக்கை வைத்து, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிற்கிறது. அந்த ஒரு இடம்தான் இருக்கிறது, அதில் அந்த ஒரு வாகில்தான் நிறுத்த முடியும். அப்படி நின்றால் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை வெயில் முழுவதும் வலப்பக்கத்தில் விழும். எத்தனையோ வருஷமாக ஒரே கன்னத்தில் அடி வாங்கிய கார் அது.

கூரை ஏன் போடவில்லை என்பதும் உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா முப்பது வருஷம் தோட்டத்துத் துரையின் ஜீப்பை ஓட்டியவர். ஒவ்வொரு காலையும் அதைக் கழுவித் துடைத்தவர். அந்த ஜீப்புக்கு ஓடு போட்ட கராஜ் இருந்தது. அந்தக் கராஜ் நாம் குடியிருக்கிற காம்பராவைவிட அரை அடி அகலம். அப்பா ஒருநாள் அளந்து பார்த்திருக்கிறார். எதற்கு அளந்தீர்கள் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். வேலையிலிருந்து நின்றபோது கைக்கு வந்ததில் இந்தக் காரை வாங்கினார். வாங்கிய முதல் வாரமே நாலு கம்பு நட்டு, நீலத் தறப்பாள் கட்டி, அதற்கு ஒரு கொட்டகை போட்டார். பத்து நாள் நின்றது. அப்போதுதான் துரை பங்களாவை வெளிநாட்டு விருந்தாளிகள் தங்குகிற ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பங்களாப் பூந்தோட்டத்திலிருந்து பார்த்தால் அந்த நீலம் தேயிலைப் பச்சையைக் கெடுக்கிறது என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான். இடம் தோட்டத்துக்குச் சொந்தம், காட்சி ஹோட்டலுக்குச் சொந்தம், வெயிலுக்கு மட்டும் யாரும் உரிமை கேட்டு வரவில்லை. அது நமக்கு என்று விட்டுவிட்டார்கள்.

அப்பா கொட்டகையைப் பிரித்தார். இரண்டு நாள் கழித்து, பச்சைத் தறப்பாள் வாங்கிக் கட்டினால் என்ன சொல்வார்கள் என்று என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டாலும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான், "விடுங்க. ஸ்கூல் சுவர் கட்டுறதுக்கு ஆபீஸ்லதான் கையெழுத்து வாங்கணும். அவங்களோட எதுக்கு வம்பு" என்றேன். அவர் விட்டுவிட்டார். பள்ளிக்கூடச் சுவர் கட்டி முடிந்தது, நல்ல சுவர். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் நான் காரை அந்த இடத்திலேயே, அந்த வாகிலேயே நிறுத்தினேன். இது என் முதல் தவறு. இன்னும் இரண்டு இருக்கின்றன, பொறு.

இரண்டாவது உனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் வேன் வருகிறது. பெண் வீட்டில் நிச்சயம் செய்யப் போன அன்று காலை, நீ குளித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சாம்பல் பட்டையைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. பிள்ளைகளின் சப்பாத்துக்கு அடிக்கிற கறுப்புப் பொலிஷ் ஒரு டப்பா இருந்தது. பிரஷ்ஷை எடுத்து இரண்டு கதவுக்கும் தேய்த்தேன். அழகாகப் பிடித்தது. விரலை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பனிக் காலையில், கை விறைக்கிற குளிரில் வைத்துச் சோதித்தேன் என்பதைக் கவனி. மலையில் பிறந்து மலையிலேயே படிப்பித்த ஒருத்தி, உலகம் முழுவதும் நம் லிந்துலையின் குளிர்தான் என்று நினைத்துவிட்டாள். பெண் வீட்டு வாசலில் கார் மூன்று மணி நேரம் கொழும்பு வெயிலில் நின்றது. புறப்படும்போது நீ ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாய். உன் வருங்கால மாமியார், பாவம், பிரியமாக வந்து, இரண்டு கையையும் கதவின்மேல் மடித்து வைத்துச் சாய்ந்துகொண்டு, பார்த்துப் போகச் சொன்னார். நிமிர்ந்தபோது அவருடைய சந்தனக் கலர் பட்டுப் புடவையின் முந்தானையில் அடிமட்டம் வைத்து இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. நான் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு நேரான கோட்டைப் பார்த்ததில்லை.

அவர் அந்த முந்தானையை உள்பக்கமாக மடித்துச் செருகிக்கொண்டார். நல்ல மனுஷி. உன் மாமனார்தான் குனிந்து கதவைப் பார்த்தார். "இது யாருட கார் மாப்பிள்ளை?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை. பொலிஷ் அடித்தது யார் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம்தான். நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "வாடகைக்கு எடுத்தது மாமா" என்றாய்.

நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன், காதில் விழவில்லை என்று நீ நினைக்கட்டும் என்று. அவிசாவளை தாண்டி, கித்துல்கலை தாண்டி, ஹட்டன் வரும்வரை நீ வானொலியைச் சத்தமாக வைத்திருந்தாய். வாடகைக் காரில் வானொலி அவ்வளவு நன்றாக வேலை செய்யுமா என்று கேட்க நினைத்தேன்.

அன்றிலிருந்து உன்மேல் கோபமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அப்பாவின் காரை, அப்பா இல்லாத சமயத்தில், ஒரே வார்த்தையில் தூக்கி யாரோ ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாயே என்று. உனக்கு எழுதுவதற்காக நல்ல கடுமையான வாக்கியங்கள் பலவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றை எழுத உட்கார்ந்தபோதுதான் மூன்றாவது தவறு ஞாபகத்துக்கு வந்தது, கடிதமும் கெட்டுப்போனது. ஆறாம் வகுப்பில் சேர ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு உன்னை நேர்முகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் தலவாக்கலை தாண்டும்போது உன் தலையை வாரிவிட்டுச் சொல்லிக்கொடுத்தேன்: "எங்க இருக்கீங்கன்னு கேப்பாங்க. லிந்துலைன்னு மட்டும் சொல்லு. தோட்டம், லயம்னு எல்லாம் விளக்கம் சொல்லாத." அவர்கள் கேட்டார்கள். நீ நிமிர்ந்து நின்று, "லிந்துலை டவுன், சேர்" என்றாய். 'டவுன்' நீயாகச் சேர்த்தது. வெளியே வந்ததும் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன்.

ஆகவே கொழும்பில் நீ சொன்ன பதிலுக்கு நான் கோபப்படுவது நியாயமில்லை. பாடம் நடத்தியவள் நான், பரீட்சைக்கு நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். கல்யாண அழைப்பிதழில் 'லிந்துலை' என்று மட்டும் அச்சடித்திருக்கிறாய், அதிலும் என் கையெழுத்துத்தான் தெரிகிறது. ஆனால் ஓர் ஆசிரியை தப்பாகச் சொல்லிக்கொடுத்தது தெரியவந்தால், பிள்ளை வளர்ந்து பெரியவனாகிவிட்டான் என்று சும்மா இருக்க முடியாது. கரும்பலகையை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். அதைத்தான் போன வாரம் செய்தேன். கரும்பலகை கிடைக்காததால் கார்க் கதவில் செய்தேன்.

ஹட்டனில், அப்பா கார்ச் சாமான் வாங்கிய அதே முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். வலப்பக்கம் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் வெளிப் பீடிங் வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டீச்சர், இந்த மொடலுக்குச் சாமான் தேடுற நேரத்துல புதுக் கார் வாங்கிரலாம்" என்றார். "புதுக் காரை எங்க நானா நிப்பாட்டுறது?" என்றேன். அவர் பரணில் ஏறி அரை மணி நேரம் தட்டுமுட்டுகளை உருட்டி, தூசி படிந்த உறையில் இரண்டு பட்டையைக் கொண்டுவந்தார். யாரிடம் கொடுத்து மாட்டப்போகிறேன் என்று கேட்டார். நானேதான் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்காமல், விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில், "காலங்காத்தால கை வச்சிராதீங்க. குளிருல அது பிஸ்கட் மாதிரி, உடைஞ்சி துண்டு கதவுக்குள்ள விழுந்திரும். வெயில் ஏறட்டும், கொஞ்சம் இளகும்" என்றார். இத்தனை வருஷம் அந்தப் பட்டையைக் கெடுத்த வெயிலுக்காக, அதைக் கழற்றவும் நான் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை பத்து மணிக்கு முன்கதவில் தொடங்கினேன். கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். பெயின்டில் கீறல் விழாமல் இருக்க, பட்டைக்குக் கீழே நீளத்துக்கு மருந்துப் பிளாஸ்டர் ஒட்டினேன். கதவைத் திறந்தால் விளிம்பில் ஒரு திருகாணி பட்டையின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே வெயிலால் காய்ந்தது, உள்ளே பனியால் துருப்பிடித்தது, மலைநாடு எதையும் ஒரு பக்கமாகக் கெடுப்பதில்லை. மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, தேநீர் ஒன்று குடித்துவிட்டு வந்து திருகினேன், அசைந்தது. பிறகு அகப்பைக் காம்பில் பழைய துணியைச் சுற்றி, பட்டைக்கு அடியில் கொடுத்து, வால் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே நெம்பினேன். ஒரு இடத்தில் அவசரப்பட்டேன். நகம் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அது என்னுடையது, யாராவது கேட்டால் சொல்லு.

அந்த நேரம் பார்த்து, மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் மேலே பாதையில் நின்றுவிட்டார்கள். நம் அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்னா டீச்சரம்மா, காருக்கு வளையல் மாட்டுறீங்களா?" என்றார். மை தீட்டுகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்: "தம்பி கல்யாணத்துக்கு இதுலதானே போறோம்? எனக்கு முன்னால சீட்டு. வேன் எனக்கு வயித்தைப் பெரட்டும்." அத்தனை பேர் முன்னால் நான் "ஆமாக்கா, இதுலதான்" என்று சொல்லிவிட்டேன். அடுப்பில் அப்போது பால் இல்லை என்பதையும் குறித்துக்கொள்.

பட்டை முழுதாகக் கையோடு வந்தது. அதற்கடியில் பழுப்பு, புழுதி, இரண்டு காய்ந்த தேயிலை. அவற்றுக்கு நடுவே, கதவின் இரும்பு விளிம்பை ஒட்டி, நீளத்துக்கு ஒரு நீலக் கோடு. முதலில் பெயின்ட் என்று நினைத்தேன். இழுத்தால் வந்தது. தறப்பாள் துண்டு, விரல் அகலத்துக்குக் கத்தரித்து, இரண்டாக மடித்து, பட்டை சுருங்கிய இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமல் அடைத்திருக்கிறது. கத்தரித்த விளிம்பு நேராக இருந்தது. அது அப்பாவின் கை. ஆபீஸ் பிரிக்கச் சொன்ன கூரையில், அவர்களுக்குத் தெரியாமல், எனக்கும் தெரியாமல், ஒரு விரல் அகலத்தைக் காருக்கு மேலேயே விட்டு வைத்திருந்திருக்கிறார் மனுஷன். நான் விடச் சொன்னேன், அவர் விட்டார் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் அக்கா மேலேயிருந்து, "என்னா டீச்சரம்மா, கையை வெட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விளிம்பைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, புதுப் பட்டையை முன்நுனியில் கொளுவி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பல்லாக 'டக்' என்று உட்கார்ந்தது. திருகாணியைப் போட்டேன். கண்ணாடியை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை.

நீ கல்யாணம் செய்யப் போகிறவன், நான் ஏதாவது புத்தி சொல்லாமல் விட்டால் ஊரார் என்னைத் தாய் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன், பொலிஷ் டப்பாவிலிருந்து படித்தது. காய்ந்த இடத்தின்மேல் பூசியது பூசியவன் கையில் ஒட்டாது. அன்போடு வந்து சாய்கிறவர்கள்மேல்தான் ஒட்டும். அந்தப் பெண் இனிமேல் உன்மேல் சாய்ந்துகொள்ளப் போகிறவள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்து சாய்ந்தாலும் பயமில்லாதபடி நடந்துகொள். அவளுடைய அம்மாவுக்கு நான் ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன், சந்தனக் கலர்தான். கொடுக்கும்போது அந்தக் கறுப்புக் கோட்டை இழுத்தவள் நான்தான், கார் எங்களுடையதுதான் என்று சொல்லிக் கொடுப்பேன். நீ முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். எல்லாவற்றுக்கும் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. புடவைக்குக் கேட்பேன், காருக்குக் கேட்க மாட்டேன்.

பின்கதவை நான் தொடவில்லை. பட்டை வாய் பிளந்திருக்கிற நுனியில் குனிந்து பார்த்தால் உள்ளே நீலம் தெரிகிறது. அதை எடுக்க வேண்டியவள் நான் இல்லை. புதுப் பட்டை உறை பிரிக்காமல் பின்சீட்டில் இருக்கிறது. அகப்பைக் காம்பும் பிளாஸ்டரும் அதன் பக்கத்தில் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை நீ வந்தால், வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம், பிறகு ஒரு மணி நேர வேலை. வரும்போது தலவாக்கலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓட்டோவில் ஏறினால், டவுன் என்று சொல்லாதே, லயத்துப் பெயரைச் சொல்லு. அன்று சாயங்காலம் பாக்கியம் அக்காவை முன்சீட்டில் வைத்துக்கொண்டு புறப்படுவோம். நீ வராவிட்டால், ஒரு கதவு புதுசும் ஒரு கதவு பழசுமாக, நீலம் தெரியத் தெரிய, நான் அந்தக் காரை மண்டப வாசலுக்கு நேராக, வலப்பக்கம் எல்லோரும் பார்க்கும்படி கொண்டுவந்து நிறுத்துவேன். எப்படி வந்தாலும் உன் மாமனார் குனிந்து பார்ப்பார். அவருக்குக் கதவுகளில் ஆர்வம் உண்டு. இது யாருட கார் மாப்பிள்ளை என்று மறுபடி கேட்பார். பதிலை நீயே சொல்லு. இந்தமுறை கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா
தொங்கல் காம்பரா, ஏழாம் நம்பர் லயம்,
மேற்பிரிவு, லிந்துலை.